நடுங்கும் நெஞ்சம்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஜாலான் பி. ரம்லி என்றொரு சாலை உண்டு. முன்னாளில் கான்டர் ஹால் சாலை என்று வழங்கிய அச்சாலையின் ஓரத்தில், மரத்தாலான கம்பத்து வீடு ஒன்று நினைவில்லமாகப் போற்றப்பட்டு வருகிறது. மலாய்த் திரையுலகின் தனிப்பெருங் கலைஞர் பி. ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பிறந்த இல்லம் அது. அவர் பாடல்களை முணுமுணுக்காத மலாய்க்காரர் இலர். தமிழர், சீனர் இல்லங்களிலும் அக்குரல் ஒலித்தது. அத்தகைய கலைஞர் 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் வைகறையில் கோலாலம்பூரில் மாரடைப்பால் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 44.

நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் மறைந்தான் எனக் கேட்கும்போது, எவருக்கும் தம் குடும்பத்துச் சாவு ஒன்று நினைவுக்கு வரும். துக்க வீட்டில் பேசப்படும் சொற்கள் எங்கும் ஒரே தன்மையன. “இரவு நன்றாகத்தான் சாப்பிட்டார், சிரித்துப் பேசினார், காலையில் எழுப்பப் போனால் எழவில்லை” என்பார் ஒருவர். “நெஞ்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான் அவர் கணக்கு” என்பார் மற்றொருவர். அத்துடன் வினா முடிந்துவிடுகிறது. இறந்தவர் நெஞ்சில் உண்மையில் நிகழ்ந்தது யாது என்று கேட்பது, துக்க வீட்டின் மரபுக்கு ஒவ்வாத செயலாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்த வினாவைக் கேட்காமல் விட்டதன் விலையை அடுத்த வீட்டார் கொடுக்க நேரலாம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். மாரடைப்பு என்ற ஒரே சொல்லால் இருவேறு நிகழ்ச்சிகள் குறிக்கப்படுகின்றன. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளத்தில் அடைப்பு உண்டாகி, அத்தசையின் ஒரு பகுதி உணவும் உயிர்வளியும் இன்றி வாடத் தொடங்குவது ஒன்று. அதுவே அடைப்பு என்ற சொல்லுக்குப் பொருந்துவது. அந்நிலையில் நெஞ்சு வலிக்கும், வியர்வை பெருகும், எனினும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும், நோயாளி பேசவும் கூடும். மற்றொன்று, இதயத்தின் மின்னோட்ட ஒழுங்கு திடீரெனக் குலைந்து, இரத்த ஓட்டம் அடியோடு அற்றுப்போவது. மலாய் மொழியில் முன்னதை ‘செராங்கான் ஜந்தோங்’ என்றும், பின்னதை ‘ஹெந்தி ஜந்தோங்’ என்றும் வேறுபடுத்தி வழங்குவர். முன்னது குழாயில் நேர்ந்த கோளாறு; பின்னது மின்சாரத்தில் நேர்ந்த கோளாறு. முன்னது பின்னதைத் தூண்டிவிடலாம் என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள கொடிய உறவு. மாரடைப்பு தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திற்குள் இறப்போரில் பெரும்பாலோரின் உயிரைக் கவர்வது அடைப்பு தானாக அன்று. அடைப்பினால் எழுந்த மின் குழப்பமே.

மனித நெஞ்சில் மின்சாரமா என்று வியப்போர் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று அது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னேற்றம் பெற்ற அணுக்கள், இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் உள்ள நுண்ணிய வாயில்கள் வழியே உள்ளும் புறமும் செல்கின்றன. அந்தப் போக்குவரத்தே மின்னோட்டமாகிறது. ஓய்ந்திருக்கும் கீழறைத் தசையணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். வாயில் திறந்து சோடியம் உட்புகுந்ததும் அந்நிலை நொடிப்பொழுதில் தலைகீழாகிறது. தசை சுருங்குகிறது. பின்னர் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் வரையில் அந்த அணு வேறெந்தக் கட்டளையையும் ஏற்பதில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இது நடைபெறுகிறது.

இக்கட்டளை பிறக்குமிடம் இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் உள்ள சிறு முடிச்சு. ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் 1907இல் அதனை விளக்கினர். அங்கே எழும் மின்னலை மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள மற்றொரு முடிச்சை அடைந்து, சற்றே தாமதித்து, பின்னர்க் கீழறைகளுக்குள் விரைகிறது. அந்த நடு முடிச்சைக் கண்டறிந்தவர் சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர். ஜெர்மனியில் ஆய்வு செய்து 1906இல் அதனை வெளியிட்டார். நொடியில் பத்தில் ஒரு பங்கே ஆன அந்தத் தாமதம் எத்துணை அருமையானது! மேலறைகள் தம் இரத்தத்தைக் கீழே இறக்கி முடிக்கும் வரை கீழறைகள் காத்திருக்கின்றன. பிறகு அவை ஒருசேரச் சுருங்கி, உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றன.

திருவிழாவில் தேர் இழுப்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் எளிது. வடத்தைப் பற்றி நிற்போர் நூற்றுக்கணக்கானவர். ஒருவர் குரல் கொடுக்கிறார்; அனைவரும் ஒரே கணத்தில் இழுக்கின்றனர்; மலைபோன்ற தேர் அசைந்து நகர்கிறது. இனி, அக்குரல் எவர் செவியிலும் விழாமற்போய், ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய கணத்தில் இழுப்பதாகக் கொள்வோம். இழுப்பவர் எவரும் சோம்பியிருக்கவில்லை. வியர்வை சிந்தி உழைக்கிறார்கள். ஆயினும் வடம் அதிர்கிறதேயன்றித் தேர் ஓர் அங்குலமும் நகர்வதில்லை. அந்நிலையே கீழறை நடுக்கம். மருத்துவர்கள் அதனை வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பர்.

குழப்பம் பெரும்பாலும் ஒரே அடியில் வருவதில்லை. அடைப்பினால் வாடிய தசைப் பகுதியிலோ, பழைய காயத்தின் தழும்பு ஓரத்திலோ மின்னலை தடுமாறுகிறது. சில அணுக்கள் கட்டளையை ஏற்கும் நிலையில் உள்ளன. பக்கத்து அணுக்கள் இன்னும் ஏற்கும் நிலைக்கு வரவில்லை. நேர்வழி அடைபட்ட அலை சுற்றுவழியே சென்று, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி, மீண்டும் மீண்டும் சுழல்கிறது. அச்சுழலே தலைமைக் குரலாகிவிடுகிறது. நிமிடத்திற்கு 70 முறை துடித்த இதயம் 200 முறை துடிக்கிறது. இரத்தம் நிரம்புவதற்கு நேரமின்றிக் கீழறை வெறுமனே சுருங்குகிறது. பின்னர் அந்தச் சுழலும் சிதறிப் பல சிறு சுழல்களாகிறது. சுருங்குதல் போய் நடுக்கமே எஞ்சுகிறது. மூளைக்கு இரத்தம் செல்லாமையால், 10, 15 நொடிகளுக்குள் அம்மனிதர் உணர்விழந்து வீழ்கிறார்.

மனித நெஞ்சின் இந்த மின்னோட்டத்தைத் தெளிவுற எழுதிக் காட்டியவர் வில்லம் ஐந்தோவன். பினாங்கிலிருந்து கடல்வழி தென்கிழக்கே சென்றால் அடையும் ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860இல் அவர் பிறந்தார். தந்தையார் அங்கே மருத்துவராக இருந்தவர். அவர் மறைந்தபின், தாயார் 1870இல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நெதர்லாந்து சென்றார். பிற்காலத்தில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஐந்தோவன், வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்சு இழை ஒன்றைக் காந்தத்தின் நடுவே நிறுத்தி, நெஞ்சின் மெல்லிய மின்னோட்டம் அவ்விழையை அசைக்குமாறு செய்தார். அந்த அசைவைப் படமாகப் பதித்தார். நோயாளியின் கைகளும் காலும் உப்புநீர்த் தொட்டிகளில் இருந்தன. ஏறத்தாழ 270 கிலோகிராம் எடையுள்ள அக்கருவியை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். அதனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலாமையால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே நோயாளிகளின் இதயத் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார். 1924இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று சிறு மருந்தகங்களிலும் எடுக்கப்படும் இ.சி.ஜி. அவர் அளித்த கொடையே.

நலமாய் உள்ள நெஞ்சின் இ.சி.ஜி. பார்ப்பதற்கு அழகியது. ஒரு சிறு மேடு, ஒரு கூரிய சிகரம், பின்னர் ஒரு மென்மையான குன்று என அளந்து வைத்தாற்போல் அது தொடரும். நடுங்கும் நெஞ்சின் இ.சி.ஜி.யில் மேடும் இல்லை, சிகரமும் இல்லை. எழுதப் பழகாத குழந்தை தாளில் கிறுக்கியதுபோல் ஒழுங்கற்ற அலைகளே தென்படும். தொடக்கத்தில் அவ்வலைகள் பெரியனவாக இருக்கும். நேரம் செல்லச் செல்லத் தசையின் ஆற்றல் தேய்ந்து, அலைகளும் சிறுக்கும். கடைசியில் நேர்கோடாக ஓய்ந்துவிடும். அந்தக் கிறுக்கலுக்கும் இந்த நேர்கோட்டுக்கும் இடையில் உள்ள நிமிடங்களிலேயே மனித உயிர் ஊசலாடுகிறது. “நெஞ்சு நின்றுவிட்டது” என்று துக்க வீட்டில் சொல்லப்படும் வாக்கியம் இங்கேதான் தவறுகிறது. அந்த முதல் நிமிடங்களில் நெஞ்சு நின்றுவிடவில்லை, ஒழுங்கிழந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது. நடுங்குவதை நிலைக்குக் கொண்டுவரலாம்.

இவ்வுண்மையை உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரின் பேராசிரியர் ஜான் மெக்வில்லியம், மனிதர்களின் திடீர்ச் சாவுக்குக் கீழறை நடுக்கமே காரணமாதல் கூடும் என்று 1889இலேயே எழுதினார். அக்கருத்து நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்தது. ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்ற இருவர், நடுங்கும் நாயின் இதயத்தை மின் அதிர்ச்சியால் நிலைக்குக் கொணரலாம் என 1899இல் கண்டனர். அதுவும் நெடுநாள் உறங்கிற்று. 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், அறுவைச் சிகிச்சையின்போது 14 வயதுச் சிறுவன் ஒருவனின் இதயம் நடுங்கத் தொடங்கியது. மருத்துவர் கிளாட் பெக் அந்த இதயத்தைத் தம் கையால் பிசைந்துகொண்டே இருந்து, பின்னர் அதன்மேல் நேராக மின் அதிர்ச்சி செலுத்தினார். துடிப்பு மீண்டது. சிறுவன் உயிருடன் வீடு திரும்பினான். மார்பைத் திறவாமலே அதிர்ச்சி செலுத்தும் முறையைப் பால் சோல் 1956இல் காட்டினார். நேர்மின்னோட்டத்தால் அதனை இன்னும் பாதுகாப்பாகச் செய்யும் வழியைப் பெர்னார்ட் லௌன் 1962இல் அளித்தார்.

மின் அதிர்ச்சி நின்ற இதயத்தை ஓட்டிவிடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். நேர்கோடு தோன்றியதும் மருத்துவர் மின்தகடுகளைத் தூக்குவதாகத் திரைப்படங்களும் காட்டுகின்றன. உண்மை அதற்கு நேர்மாறானது. அதிர்ச்சியின் வேலை ஓட்டுவதன்று, நிறுத்துவதே. இரைச்சல் மிகுந்த வகுப்பறையில் ஆசிரியர் மேசையை ஒருமுறை ஓங்கித் தட்டுகிறார். நாற்பது குரல்களும் ஒரே கணத்தில் அடங்குகின்றன. அந்த அமைதியில் வகுப்புத் தலைவனின் குரல் தெளிவாகக் கேட்கிறது, பாடம் தொடர்கிறது. அவ்வாறே மின் அதிர்ச்சி எல்லாத் தசையணுக்களையும் ஒருசேர அடக்குகிறது. அந்த அமைதியில் மேலறை முடிச்சு தன் பழைய கட்டளையை மீண்டும் எழுப்புகிறது. குரல் அறவே இல்லாத வகுப்பில் மேசையைத் தட்டிப் பயன் என்ன? நேர்கோடாகிவிட்ட நெஞ்சுக்கு அதிர்ச்சி உதவாமைக்கு அதுவே காரணம்.

அவ்வாறாயின் அதிர்ச்சிக் கருவி வந்து சேரும் வரை என்ன செய்வது? இதற்கு விடை தந்தவர்களுள் ஒருவர் மருத்துவர் அல்லர். வில்லியம் கௌவன்ஹோவன் என்னும் மின்பொறியாளர். மின்கம்பித் தொழிலாளர்கள் மின் தாக்கி இறப்பதைத் தடுக்கும் ஆய்வில் பால்டிமோர் நகரில் அவர் ஈடுபட்டிருந்தார். நாயின் மார்பின்மீது கருவியின் கனத்த தகடுகளை அழுத்தியபோதே அதன் இரத்த அழுத்தம் சற்று உயர்வதை அவருடன் பணியாற்றிய நிக்கர்பாக்கர் கவனித்தார். மார்பை வெளியிலிருந்து அழுத்தினாலே இரத்தத்தை ஓரளவு ஓடச் செய்யலாம் என்ற உண்மை அதிலிருந்து பிறந்தது. 1960இல் ஜூட் என்ற மருத்துவருடன் சேர்ந்து அவர்கள் அதனை வெளியிட்டனர். இரண்டு கைகள் இருந்தால் போதும், எவரும் எங்கும் இதனைத் தொடங்கலாம் என்பதே அக்கட்டுரையின் சாரம்.

தமிழ் மக்களுக்கு இவ்வுண்மையை மிக அண்மையில் உணர்த்திய இழப்பு நடிகர் விவேக்கின் மறைவு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் சென்னையில் தம் இல்லத்தில் மயங்கி வீழ்ந்த அவர், மறுநாள் விடியற்காலையில் காலமானார். வயது 59. இதயத்தின் முதன்மையான இடது நாளம் முற்றிலும் அடைபட்டிருந்ததையும், கீழறை நடுக்கம் ஏற்பட்டிருந்ததையும் மருத்துவர்கள் அறிவித்தனர். அடைப்பு, நடுக்கம் என்ற இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அன்று செய்தி கேட்ட ஒவ்வொரு தமிழரும் அறிந்தனர். அடைப்பை நீக்க மருத்துவர்களால் முடிந்தது. இழந்த நேரத்தை எவராலும் மீட்டுத் தர இயலவில்லை.

அடைப்பே இல்லாத நெஞ்சிலும் இந்நடுக்கம் தோன்றுவதுண்டு. சிங்கப்பூரில் 1982க்கும் 1990க்கும் இடையில் தாய்லாந்திலிருந்து வேலைக்கு வந்த ஆடவர்களில் 200க்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே மாண்டனர். உடல் வலிமை மிக்க இளைஞர்கள் அவர்கள். தாய்லாந்தின் வடகிழக்கு ஊர்களில் இத்தகைய சாவுகளுக்குக் கைம்பெண் பேய் ஒன்றைக் காரணம் காட்டுவர். ஆண்களைத் தேடிவரும் அப்பேயை ஏமாற்ற, படுக்கப் போகுமுன் ஆடவர் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொள்வதும் உண்டு. பிலிப்பீன்ஸ் மக்கள் இதனைப் பங்குங்கோட் என்பர். ஜப்பானியர் பொக்குரி என்பர். 1992இல் புருகாடா சகோதரர்கள், இ.சி.ஜி.யில் தனியொரு வடிவம் காட்டி நடுக்கத்திற்கு ஆளாகும் எண்மரைப் பற்றி எழுதினர். 1998இல் அந்நோயுள்ள சில குடும்பங்களில் சோடிய வாயிலை அமைக்கும் மரபணுவில் பழுது காணப்பட்டது. தாய்லாந்து இளைஞர் பலரைக் கொன்றதும் அதே நோய் எனப் புலப்பட்டது. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் சாக்காட்டை உறக்கத்திற்கு ஒப்பிட்டார். உறக்கமே சாக்காடாகும் வீடுகளில், இறந்தவரின் உடன்பிறந்தாரும் மக்களும் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அறிவுடைமை. ஆபத்து மிகுந்தவர்க்கு மார்பில் பொருத்தும் கருவியும் இன்று உண்டு. மிஷேல் மிரோவ்ஸ்கி என்பவரின் விடாமுயற்சியால் 1980இல் அது முதன்முதலாக மனித உடலில் பொருத்தப்பட்டது.

இவ்வளவு அறிவும் ஏடுகளில் இருந்து என்ன பயன்? தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் ஆலயத்தின் 513 படிகளில் ஏறுவோரைக் காணுங்கள். இளையோரும் முதியோரும் காவடி ஏந்தியோரும் உச்சி வெயிலில் ஏறுகின்றனர். அவர்களுள் ஒருவர் படியில் சரிகிறார் என்று கொள்வோம். சுற்றி நிற்பவர்கள் என்ன செய்வர்? ஒருவர் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற முயல்வார். ஒருவர் கையில் இரும்புத் துண்டைத் திணிப்பார். பலர் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். வீழ்ந்தவர் இடைவிட்டு இடைவிட்டு வாய் பிளந்து மூச்சிழுப்பதைக் கண்டு, “மூச்சு இருக்கிறது, பயமில்லை” என்பார் ஒருவர். அது மூச்சன்று, மூளையின் கடைசி முறையீடு. அழுத்துவார் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைகிறது. நான்கைந்து நிமிடங்கள் கடந்தால் மூளை பழுதடையத் தொடங்கும். எத்துணை விரைந்து வரும் ஆம்புலன்சும் அந்த நேரத்தில் மலைப்படியை எட்டுவது அரிது.

செய்ய வேண்டியது எளிது. தட்டி அழைத்தும் உணர்வில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், ஒருவரை 999 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுதல் வேண்டும். மற்றொருவரை ஏ.இ.டி. என்னும் கருவி அருகில் உள்ளதா எனத் தேடி வர அனுப்புதல் வேண்டும். வீழ்ந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, மார்பெலும்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைச் சேர்த்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும். ஏ.இ.டி. கருவி தானே இ.சி.ஜி.யை ஆராய்ந்து, நடுக்கம் இருந்தால் மட்டுமே அதிர்ச்சி தரும். செய்ய வேண்டியதை வாய்விட்டும் சொல்லும். எல்லா வீழ்ச்சிகளும் நடுக்கத்தினால் நேர்வனவல்ல. அழுத்தியவர் எல்லோரும் பிழைப்பதும் இல்லை. ஆயினும் அழுத்தாதவர் பிழைப்பது அரிது.

கற்றுக்கொள்வதும் கடினமன்று. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசியச் செம்பிறைச் சங்கம் போன்ற அமைப்புகள் இதனைக் கற்பிக்கின்றன. தடையாய் நிற்பது அறியாமை மட்டுமன்று; கூச்சமும் அச்சமுமே. பெண்ணின் மார்பில் கை வைப்பதா என்ற தயக்கம். பெரியவரின் எலும்பு முறிந்துவிடுமோ என்ற நடுக்கம். பழி வந்து சேருமோ என்ற கலக்கம். முறிந்த எலும்பு கூடும். போன உயிர் கூடுமா? வீழ்ந்தவர் நெஞ்சு நடுங்குவது போதாதென்று, நிற்பவர் நெஞ்சும் நடுங்கினால் வடத்தை யார் பற்றுவது?

ஜாலான் பி. ரம்லியில் உள்ள அந்த மரவீட்டைக் காணச் செல்வோர் இன்றும் உளர். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருவர் இத்தனை பாடினாரே, இத்தனை நடித்தாரே என்று வியந்து திரும்புவர். 1973இல் உயிர்காக்கும் மின்கருவி உலகின் மிகச் சில நகரங்களிலேயே மருத்துவமனையை விட்டு வெளியே வந்திருந்தது. மார்பை அழுத்தும் முறை வெளியாகிப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்காலத்தவர் மீது குறை கூற இடமில்லை. இன்று அந்நிலை இல்லை. இனி ஒரு துக்க வீட்டில் “நெஞ்சு நின்றுவிட்டது” என்ற சொல் எழும்போது, அருகில் இருந்தவர் எவரேனும் அழுத்திப் பார்த்தாரா என்ற வினாவும் உடன் எழட்டும். அது இறந்தவரைக் குறித்த பழியன்று. இருப்பவரைக் குறித்த அன்பு.